தெருமுனை கிளினிக் பாதுகாப்பாக இருக்கிறதா என்று யார் வந்து பார்க்கிறார்கள்? (பெங்களூரு)

அல்சூர் மருமகள்:

வணக்கம். மர்பி டவுன் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் தெருமுனையில் ஒரு டாக்டர் நெடுங்காலமாக கிளினிக் வைத்திருக்கிறார். மாமியாருக்கு சுகர், பிரஷர் இரண்டையும் அவர்தான் பார்க்கிறார். தமிழில் பேசுவார். ராத்திரி நேரம் கெட்ட நேரத்தில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். கையில் காசில்லை என்றால் "அப்புறம் கொடும்மா" என்று அனுப்பிவிடுவார். அவருடைய வைத்தியத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் பையனுக்குக் காய்ச்சல். ஊசி போட உள்ளறைக்குக் கூட்டிப்போனேன். மேஜை மேல் இருந்த மருந்து பாட்டிலின் ரப்பர் மூடியில் ஒரு ஊசி குத்தியபடியே நின்றது. கம்பவுண்டர் அண்ணன் புது சிரிஞ்சைப் பிரித்து, அந்த ஊசியில் மாட்டி மருந்தை இழுத்து, பிறகு வேறு ஊசி மாட்டிப் பையனுக்குப் போட்டார். சிரிஞ்ச் புதிது, நானே பார்த்தேன். ஆனால் பாட்டிலில் இருந்த ஊசி அப்படியே அடுத்தவருக்காகக் காத்திருந்தது.

அதே அறையில் சுகர் பார்க்க விரலில் குத்தும் பேனா ஒன்று இருக்கிறது, எல்லாருக்கும் அதுவேதான். உள்ளே இருக்கும் ஊசியை மட்டும் மாற்றுகிறார்கள். ஃபிரிட்ஜைத் திறந்தபோது தடுப்பூசிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு டிபன் டப்பாவும் தெரிந்தது.

இந்த மாதிரி சின்ன கிளினிக்குகளை அரசாங்கத்திலிருந்து யாராவது வந்து பார்க்கிறார்களா, இல்லையா? நான் பார்த்ததில் எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்? வீட்டுக்காரர் "ஒரு புகார் எழுதிப் போடு" என்கிறார். மாமியாரோ "அந்த மனுஷன் மேல புகார் குடுத்தா நான் ஊருக்குப் போயிடுவேன்" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவாஜிநகர்க்காரன்:

பார்க்கிறார்கள் மேடம், சட்டம் இருக்கிறது. கர்நாடகத்தில் கே.பி.எம்.இ. என்று சொல்வார்கள், தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான சட்டம், 2007இல் வந்தது. படுக்கை இல்லாத ஒற்றை அறை கிளினிக் கூட அதில் பதிவு செய்தாக வேண்டும். மும்பையில் நர்சிங் ஹோம் சட்டம் வைத்துத்தான் பதிவு, அது படுக்கை உள்ள இடங்களுக்கு. அந்த வகையில் நம் ஊர் பரவாயில்லை.

வாசலில் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆங்கில வைத்தியம் என்றால் வான்நீலப் பலகை, ஆயுர்வேதம் என்றால் பச்சைப் பலகை, அதில் பதிவு எண்ணும் நடத்துபவர் பெயரும் இருக்க வேண்டும் என்று 2024இல் சுகாதாரத் துறை உத்தரவு போட்டது. எண் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், புகார்தான்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

மருமகள்மா, பதிவு எண் பற்றி தம்பி சொன்னது சரி. ஆனால் அந்த எண் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்தான். நான் ஆஸ்பத்திரியில் இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் சிஸ்டராக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு, தரச் சான்று வாங்க விரும்பும் கிளினிக்குகளுக்குப் போய்க் குறை நிறை பார்த்துச் சொல்லும் வேலையும் செய்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன மூன்றில் எனக்கு அதிகம் பயம் தருவது அந்தப் பேனா. அதைத்தான் எல்லாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். விரலில் குத்தும்போது பேனாவின் வாய் தோலில் அழுந்துகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் அங்கே ஒட்டிக்கொண்டால் போதும். உள்ளே லான்செட்டை, அதாவது குத்தும் அந்தச் சின்ன ஊசியை, மாற்றினாலும் வாய்ப்பகுதி மாறுவதில்லை. ரத்தம் வழியாகப் பரவி ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில் கூட, குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். சுகர் நோயாளிகள் வரிசையாக உட்காரும் இடத்தில் ஒரே பேனா சுற்றி வரவே கூடாது. கிளினிக்கில் இருக்க வேண்டியது ஒரு தடவை குத்தியதும் ஊசி உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் லான்செட். அது வரும்வரை மாமியாரின் சொந்தப் பேனாவையும் லான்செட்டையும் பையில் போட்டு அனுப்புங்கள். அதற்கு யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

அடுத்தது பாட்டிலில் நிற்கும் ஊசி. ரப்பர் மூடி இருப்பதே வெளிக்காற்றும் கிருமியும் உள்ளே போகாமல் இருக்கத்தான். ஊசியைக் குத்தியே வைத்தால் அந்தப் பாட்டில் நாள் முழுக்கத் திறந்து கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, காய விட்டு, புது ஊசி, புது சிரிஞ்சோடு எடுக்க வேண்டும். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுத வேண்டும். கம்பெனி வேறு கணக்குச் சொல்லாவிட்டால் 28 நாளில் தூக்கிப் போட வேண்டும். அடுத்த தடவை போகும்போது பாட்டிலில் தேதி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. உங்கள் கிளினிக்கில் அது நடக்கவில்லை என்பது எனக்கு ஆறுதல். ஊசியை மட்டும் மாற்றிவிட்டு அதே சிரிஞ்சை இன்னொருவருக்குப் பயன்படுத்துவார்கள். 2009இல் குஜராத்தில் மோடாசா பக்கம் ஹெபடைடிஸ் பி பரவி எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விசாரித்தபோது ஊசியையும் சிரிஞ்சையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது தெரிந்தது. 2018இல் உத்தரப் பிரதேசத்தில் உன்னாவ் மாவட்டம் பாங்கர்மாவில் ஒரு போலி வைத்தியர் போட்ட ஊசியால் பலருக்கு எச்.ஐ.வி. வந்ததாகச் செய்தி வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். இதை எங்கே பார்த்தாலும் அன்றைக்கே புகார் கொடுங்கள். அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் டிபன் டப்பா அழுக்கு என்பது பிரச்சினை இல்லை. சாப்பாடு இருந்தால் கதவை அடிக்கடி திறப்பார்கள், உள்ளே சூடு ஏறும். தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். சூடுதான் கெடுக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி, டி.பி.டி., டெட்டனஸ் ஊசிகளை உறைபனியும் கெடுத்துவிடும். ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்து உருகிய மருந்து பார்க்க நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று என்று அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். அதனால் உள்ளே ஒரு தெர்மாமீட்டரும், காலை மாலை இரண்டு வேளையும் எழுதின தாளும் இருக்கிறதா என்று கேளுங்கள். கதவுத் தட்டில் தடுப்பூசி இருக்கவே கூடாது. கரண்ட் போனால் என்ன செய்வார்கள் என்றும் கேட்கலாம். அதற்குச் சட்டென்று பதில் சொல்லும் இடம் நல்ல இடம்.

சரி, அரசாங்கப் பரிசோதனைக்கு வருகிறேன். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது உள்ளூர் பரிசோதனைக் குழு வந்து இடத்தைப் பார்க்க வேண்டும். பதிவு 5 வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். நடுவில் புகார் வந்தால் வரலாம். வருகிறவர்கள் சான்றிதழ், இட அளவு, டாக்டரின் மெடிக்கல் கவுன்சில் பதிவு, மருத்துவக் கழிவை எடுத்துப்போக ஒப்பந்தம் இதையெல்லாம் பார்ப்பார்கள். ஃபைல் சரியாக இருந்தால் கையெழுத்தாகிவிடும். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது கம்பவுண்டரின் கை என்ன செய்கிறது என்பதை அந்த ஃபைல் சொல்லாது.

நான் போனால் முதலில் கை கழுவும் இடத்துக்குத்தான் போவேன். சோப்பு ஈரமாக இருக்கிறதா, காய்ந்து வெடித்திருக்கிறதா? காய்ந்திருந்தால் காலையிலிருந்து யாரும் தொடவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் தொங்குவது எல்லாரும் துடைக்கும் ஒரே துண்டா? பிறகு ஊசி போடுகிறவரிடம், "தம்பி, நான் நிற்பதை மறந்துட்டு எப்பவும் போல ஒரு ஊசி போடுங்க" என்பேன். பேசாமல் அவர் விரல்களைப் பார்ப்பேன். போட்டு முடித்ததும் இடது கை தானாக மூடியைத் தேடும், ஊசிக்கு மறுபடி மூடி போடுவதற்காக. அந்த ஒரு நொடியில் பலர் தங்கள் விரலில் குத்திக்கொள்கிறார்கள். மூடி போடாமல் அப்படியே ஊசி வெட்டும் கருவிக்குள் விட வேண்டும். அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்றும் பார்ப்பேன். அறையின் அந்தக் கோடியில் இருந்தால் யாரும் நடந்து போகமாட்டார்கள், வெறும் ஊசி டிரேயிலேயே கிடக்கும். கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒரு கிளினிக்கில் நான் செய்யச் சொன்னது, கருவியை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து மேஜைக்கு வலப்பக்கம் வைப்பது மட்டும்தான்.

தையல் போடும் இடம் என்றால் ஸ்டெரிலைசரைக் கேட்பேன். கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்தால் போதாது, சில கிருமிகளின் வித்துகள் அதில் சாகாது. சாவ்லான் தண்ணீரில் கத்திரிக்கோலை ஊற வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவியில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், துணியில் சுற்றிய சாமானுக்கு 30 நிமிடம் வேண்டும். பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் டேப்பில் கோடு கறுத்திருக்க வேண்டும். கோடு கறுத்தால் சூடு பட்டது என்றுதான் தெரியும், உள்ளே எல்லாம் செத்தது என்று ஆகாது. அதற்கு அவ்வப்போது, உள்ளே வைத்த வித்துகள் செத்தனவா என்று பார்க்கும் வித்துச் சோதனை செய்ய வேண்டும். சின்ன கிளினிக்கில் அதைச் செய்கிறவர்கள் குறைவு, செய்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

இன்னொன்று, மனதில் பட்டதைச் சொல்கிறேன். சாதாரணக் காய்ச்சலுக்குப் பையனுக்கு ஊசி எதற்கு? வாய் வழியாக மருந்து குடிக்க முடிகிற குழந்தைக்குப் பெரும்பாலும் சிரப்பே போதும். டாக்டரிடம் "சிரப்பே குடுத்துடுங்க சார்" என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். அவருக்கும் அது நிம்மதியாக இருக்கும்.

தெருமுனை டாக்டர்:

நானும் கே.ஆர்.புரம் பக்கம் அப்படி ஒரு கிளினிக் நடத்துகிறவன்தான். சிஸ்டர் எழுதியதில் ஒரு வரி கூட மறுக்க முடியாது. எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் கம்பவுண்டர்கள் தொழிலைக் கற்றது அதற்கு முந்தைய கம்பவுண்டரிடம். பாட்டிலில் ஊசியை நிறுத்தி வைப்பது அப்படி வழிவழியாக வந்த பழக்கம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. உட்கார வைத்து, காரணத்தைச் சொல்லி, கூடவே நின்று பார்த்தால் மாறும். சுவரில் நோட்டீஸ் ஒட்டினால் மாறாது.

மருத்துவக் கழிவு விஷயம்தான் எனக்குப் பெரிய தலைவலி. 2016 விதிப்படி ஊசி வெள்ளை டப்பாவில், ஊசி நீக்கிய சிரிஞ்ச் சிவப்புப் பையில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், உடைந்த கண்ணாடி ஆம்பூல் நீல டப்பாவில். 48 மணி நேரத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கக் கூடாது. கழிவு எடுக்கிறவர்களுக்கு மாதப் பணம் ஒழுங்காகக் கட்டுகிறேன், பையில் பார்கோடு ஒட்டுகிறேன். ஆனாலும் எங்கள் சந்துக்குள் வண்டி வராத நாட்கள் உண்டு. போன் செய்தால் "ஆஸ்பத்திரி ரூட்டை முடிச்சிட்டு வர்றோம் சார்" என்பார்கள். படுக்கை இல்லாத கிளினிக்குக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி ஒரு தடவை வாங்கினால் போதும். அதன் பிறகு கழிவு உண்மையில் எங்கே போகிறது என்று என்னிடம் யாரும் வந்து கேட்டதில்லை. கேட்டால் நல்லது என்றே நினைக்கிறேன்.

நோயாளிகள் கேட்க மறந்துபோகும் ஒன்றைச் சொல்கிறேன். ஊசி போட்டு ஒவ்வாமை வந்தால் முதல் மருந்து அட்ரினலின், பெரியவர்களுக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். விலை ரொம்பக் குறைவு. அது டிரேயில் இருக்கிறதா, தேதி முடியாமல் இருக்கிறதா, ஆக்சிஜன் சிலிண்டரில் வாயு இருக்கிறதா, இவற்றை மாதம் ஒரு தடவை நானே பார்த்து எழுதி வைக்கிறேன். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொன்னால் தயவுசெய்து உட்காருங்கள்.

மருமகள் மேடத்துக்கு ஒரு வேண்டுகோள். கூட்டத்துக்கு நடுவில் கேட்காதீர்கள். கடைசி நோயாளி போன பிறகு உள்ளே போய் உட்கார்ந்து கேளுங்கள். அந்த டாக்டர் நீங்கள் சொல்வதுபோல் நல்ல மனிதர் என்றால் காது கொடுப்பார்.

விவேக்நகர் வாசகி:

என் அக்கா இங்கிலாந்தில், லெஸ்டரில் ஒரு குடும்ப டாக்டர் கிளினிக்கில் வரவேற்பறையில் வேலை செய்கிறாள். அங்கே கேர் குவாலிட்டி கமிஷன் என்று தனி அமைப்பு வந்து சோதிக்கும். பாதுகாப்பாக இருக்கிறதா, வைத்தியம் பலன் தருகிறதா, பரிவோடு நடத்துகிறார்களா, தேவைக்கு ஏற்ப நடக்கிறார்களா, நிர்வாகம் ஒழுங்கா என்று ஐந்து கேள்விகள். மிகச் சிறப்பு, நன்று, மேம்பட வேண்டும், போதாது என்று நாலு தரம். கிடைத்த தரத்தை நோயாளிகள் பார்க்கும் இடத்தில் ஒட்டியாக வேண்டும், அறிக்கை இணையத்தில் இருக்கும், யாரும் படிக்கலாம். ஃபிரிட்ஜ் வெப்பத் தாளையும் அவசர மருந்துகளையும் அங்கேயும் பார்க்கிறார்களாம், சிஸ்டர் சொன்னதேதான். நமக்கு அப்படி எதுவும் உண்டா?

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

என்.ஏ.பி.எச். என்ற தேசிய அமைப்பு கிளினிக்குகளுக்கும் தரச் சான்று கொடுக்கிறது. விருப்பம் இருப்பவர்கள் வாங்கலாம், கட்டாயம் இல்லை. தெருமுனை கிளினிக்கில் நீங்கள் அதை எதிர்பார்க்க முடியாது. நம் ஊரில் எனக்கு மனக்குறை ஒன்றுதான். பரிசோதனைக் குழு வந்து என்ன பார்த்தது, என்ன சொன்னது என்று நோயாளிக்குத் தெரிவதில்லை. பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறது, பரிசோதனை அறிக்கை இல்லை. ஒரு பக்கம் ஒட்டினால் போதும், பாதிப் பழக்கங்கள் தானாக மாறும்.

டாக்டர் சார் சொன்னதுபோல் முதலில் நேரில் பேசுங்கள். டாக்டரின் கவுன்சில் பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே இருக்க வேண்டும், தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். பதிவே இல்லாத ஆள், சிரிஞ்சை மறுபடி பயன்படுத்துகிற இடம், இந்த இரண்டுக்கும் பேச்சு வேண்டாம். மாவட்ட சுகாதார அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் பதிவு, குறைதீர்ப்புக்கு ஓர் ஆணையம் இருக்கிறது, அதன் உறுப்பினர் செயலர் இந்த அதிகாரிதான். தேதி, நேரம், என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். "மோசமான கிளினிக்" என்று எழுதினால் அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

அல்சூர் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. பதிவு எண் வாசலில் இருக்கிறது, கவுன்சில் எண்ணும் சரியாக இருக்கிறது. நேற்று ராத்திரி கடைசியாகப் போய் டாக்டரிடம் பேசினேன். மாமியாரும் கூட வந்தார், அதுவே பெரிய விஷயம். பேனாவைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு கம்பவுண்டர் அண்ணனைக் கூப்பிட்டு, அதை டிராயரில் போடச் சொன்னார். பூட்டிக்கொள்ளும் லான்செட் ஒரு பெட்டி வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஃபிரிட்ஜுக்குத் தெர்மாமீட்டர் வந்துவிட்டது. பாட்டில் விஷயத்தில் மட்டும் அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை, "மூடியில நிறைய ஓட்டை போட்டா மருந்து ஒழுகாதாம்மா?" என்கிறார். டாக்டர் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அடுத்த மாதம் போகும்போது நான் பார்ப்பேன்.

சிஸ்டர், இன்னொரு கேள்வி. மாமியாருக்கு இப்போது இன்சுலின் ஆரம்பித்திருக்கிறார்கள். போட்ட ஊசியை வீட்டில் என்ன செய்வது? குப்பை எடுக்க வரும் அக்காவின் கையில் குத்திவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

நல்ல கேள்வி, ரொம்பப் பேர் யோசிப்பதே இல்லை. கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள், துணி துவைக்கும் லிக்விட் வரும் டப்பா சரியாக இருக்கும். தண்ணீர் பாட்டில் வேண்டாம், மெல்லியது, ஊசி குத்தி வெளியே வரும். மேலே "ஊசி" என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டுங்கள். ஊசியை அப்படியே உள்ளே போடுங்கள், முக்கால் டப்பா நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் சுற்றுங்கள். அதைக் குப்பையில் போடாமல் உங்கள் டாக்டரிடமே கொண்டு போங்கள். அவருடைய வெள்ளை டப்பாவோடு சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அவர் எடுத்துக்கொள்ள முடியாது என்றால் தனியாகக் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லி அந்த அக்காவின் கையில் கொடுங்கள். ஈரக் குப்பை, உலர் குப்பை இரண்டோடும் கலக்காதீர்கள்.